நிபுணர் பயிற்சி கொழும்போடு நிற்கவேண்டுமா?

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, விசேட வைத்திய நிபுணராவதற்குப் பயின்றுகொண்டிருந்த இளம் வைத்தியர்களை நினைத்துப் பார்த்தவர் சிலரே. அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கத்தி பிடிக்கப் பழகவேண்டியவர்கள் கொரோனா விடுதிகளில் ஒட்சிசன் அளவு பார்த்தார்கள். எமது நாட்டில் பல துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சி முடித்தாலே நிபுணர் தகைமை பூரணமாகும். விமானங்கள் நின்றதும் அதற்கும் தடை. இந்தியாவில் 2021 ஏப்ரல் 18இல் நடக்கவிருந்த பட்டமேற்படிப்பு நுழைவுப் பரீட்சை செப்டெம்பர் 11 வரை தள்ளிப்போயிற்று. புதியவர்கள் வராமையால் பழையவர்களே இரட்டிப்புச் சுமை சுமந்தனர்.

இத்தகைய தாமதங்களின் பாரம் கடைசியில் எம்போன்ற மாவட்டங்களில்தான் இறங்கும். இலங்கைத்துறையில் வயிற்றுநோவால் துடிப்பவர் ஈச்சிலம்பற்று, மூதூர், திருகோணமலை என்று அலையவேண்டியவர். அங்கும் நிபுணரின் கதிரை வெறுமையாயிருந்தால்?

ஆயினும் கொரோனாக் காலம் ஒன்றைக் காட்டிற்று. விரிவுரைகள் கணினித் திரைக்கு வந்தன; அவற்றைக் கேட்கக் கொழும்பிலேயே குடியிருக்கத் தேவையில்லை. 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இதை மறந்துவிடக்கூடாது. பாடம் திரையில் வரட்டும். நோயாளியை எமது வைத்தியசாலைகளில் பார்க்கட்டும். கைவேலையைத் திரை கற்பிக்காது என்பது உண்மையே. பக்கத்தில் நின்று திருத்த மூத்த நிபுணர் இல்லாவிட்டால் அது பயிற்சியுமல்ல, ஆட்குறைக்கு ஒட்டுப்போடும் வேலை. ஆகவே கற்பிக்கக்கூடிய நிபுணர்களைத் திருகோணமலைக்கு முதலில் அனுப்புமாறே நாம் சுகாதார அமைச்சைக் கேட்கவேண்டும். பயிலுநர்களைக் கேட்பது அதன் பிறகு.