பெரிய பிடி, சின்னப் பிடி

காஞ்சிபுரத்துக்காரனுக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது, ஐயா! இந்த ஊரிலிருந்து அரசாண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனுக்கு 'மாமல்லன்' என்று பட்டம். பெரிய மல்லன் என்று அர்த்தம். கடற்கரையில் ஓர் ஊரே அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

அப்புறம் தாராசிங், கிங்காங் காலம் வந்தது. ஏறக்குறைய 200 கிலோ கனமுள்ள கிங்காங்கைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினாராம்! திண்ணைக்குத் திண்ணை அதே பேச்சு. 1990-களில் பையன்களின் சட்டைப்பை நிறைய வெளிநாட்டுப் பயில்வான்களின் படம் போட்ட சீட்டுகள். உயரம், எடை, மார்பளவு, எது பெரிதோ அதற்கு வெற்றி. மூளைக்கு அதிக வேலையில்லை.

மல்யுத்த விளையாட்டு என்றால் இவ்வளவுதான் என்று நானும் போன மாதம் வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் என் அடுத்த வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. அவருடைய பையன் ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, ஒரு ஆட்டம் வரீங்களா?" என்றான். 'ஃபயர் ப்ரோ ரெஸ்லிங்' என்று பெயர். ஜப்பான் சரக்கு. மசாதோ மசூடா என்பவர் 1986-ல் ஒரு மல்யுத்த வீடியோ கேம் செய்து, அந்த அனுபவத்தைக் கொண்டு 1989-ல் இதை ஆரம்பித்து வைத்தார். 2017-ல் கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்பிலும் ஆட்டத்தின் அடிப்படை அதேதான்.

சரி, எப்படி ஆடுவது? கோதா சாய்வாகத் தெரிகிறது. இரண்டு பயில்வான்களும் நெருங்கினால் தாமாகவே கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடி விழும் அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். முந்தினால் போச்சு, பிந்தினாலும் போச்சு. சின்னப் பிடிக்கு ஒரு பொத்தான், நடுத்தரத்துக்கு ஒன்று, பெரிய பிடிக்கு ஒன்று.

நான் சும்மா இருப்பேனா? எடுத்த எடுப்பிலேயே பெரிய பொத்தானைப் படபடவென்று குத்தினேன். என் பயில்வான்தான் மல்லாந்து விழுந்தான். மறுபடி குத்தினேன். மறுபடியும் விழுந்தான்.

"எதிராளி தெம்பா இருக்கும்போது பெரிய பிடி போட்டா, அவன் அதையே திருப்பிப் போடுவான், தாத்தா. முதல்ல சின்னச் சின்னதாப் போட்டுக் களைக்க வைக்கணும். அப்புறம் நடுத்தரம். கடைசியிலதான் பெரிசு" என்றான் பையன்.

யாருக்கு எவ்வளவு தெம்பு பாக்கி என்று காட்டும் கோடு கிடையாது. அவன் தள்ளாடுகிறானா, எழுந்திருக்க நேரமாகிறதா என்று பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொள்ளவென்றே தனியாக ஒரு பொத்தான்! எழுபது வயதில் எனக்குப் பிடித்த பொத்தான் அதுதான்.

இரண்டே நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. திரையில் ஒரு மார்க் வந்தது: 38. "ஜெயிச்சவன் நீதானே, ஏன் இவ்வளவு குறைச்சல்?" என்றேன்.

"இது எனக்கு மார்க் இல்லை, தாத்தா. ஆட்டத்துக்கு மார்க். நீங்க ஒண்ணுமே செய்யலையே, நான் மட்டும் என்ன செய்யறது?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்த விஷயம். ஆனால் தூக்குகிறவனுக்கு உள்ள பொறுப்பு, விழுகிறவனுக்கும் உண்டு. இருவரும் சேர்ந்து நடத்தினால்தான் காட்சி. அந்த ரகசியத்தை இந்த விளையாட்டு எப்படியோ பிடித்து வைத்திருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்துப் பையனின் அப்பா வந்து நின்றார். "தறி காத்துக்கிட்டு இருக்கு. இங்கே குஸ்தியா?"

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு கரையின் நாடாவைப் போடப் பக்கத்தில் துணை ஆள் உட்கார வேண்டும். இருவர் கையும் ஒத்துப் போகாவிட்டால் கரையும் உடலும் சேரும் இடம் கோணிவிடும். துணைக்கு ஆள் கிடைப்பதோ இப்போது குதிரைக் கொம்பு. பையன்தான் துணை. அவனும் அடுத்த மாதம் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போகிறான்.

"ஒரே ஒரு ஆட்டம், அப்பா" என்றான் பையன். என்ன நினைத்தாரோ, அவரும் உட்கார்ந்தார்.

முதல் மூன்று பிடியில் தோற்றார். நாலாவது பிடியில் அவர் விரல் இறங்கிய இடம் இருக்கிறதே, அபாரம்! அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. முப்பது வருஷமாக நாடா எறிந்த கை அல்லவா? ஆட்டம் இருபது நிமிஷம் நடந்தது. கடைசியில் பையன்தான் ஜெயித்தான்.

"தோத்துட்டீங்க, அப்பா."

"மார்க் எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

"அது ரெண்டு பேருக்கும்தானே?"

பையன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "லீவுக்கு லீவு வந்து உட்காருவேன், அப்பா" என்றான்.

"பாவு லீவுக்குக் காத்திருக்காது. நீ நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். பையனும் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் பின்னாலேயே போனான். சற்றைக்கெல்லாம் அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது.

உங்கள் வீட்டிலும் பிள்ளை ஏதாவது பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? திட்டுவதற்கு முன்னால் அவனோடு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்றாலும் பாதகமில்லை. துணைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். நான் இன்னும் 38-ஐத் தாண்டவில்லை!