பொட்டலக்காரனுக்கு விலங்கு! வங்கி முதலாளிக்கு ரசீது!

கஞ்சாப் பொட்டலத்தோடு ஒரு பையன் பிடிபட்டால் மறுநாள் பத்திரிகையில் படம் வந்துவிடுகிறது. வரிசையாகப் போலீஸ் அதிகாரிகள், முன்னால் மேஜை, மேஜைமேல் பொட்டலங்கள், ஓரத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பையன். படத்துக்குப் பக்கத்திலேயே தலையங்கம்: சட்டத்தை இன்னும் கடுமையாக்கு, போலீஸைப் பெருக்கு, பணத்தை ஒதுக்கு! முதலாளித்துவப் பத்திரிகைகளின் கனவான்களுக்கு இதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது.

போதைப் பொருள் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அந்த விஷம் முதலில் நுழைவது நம் வீட்டுக்குள். ஷிப்டு முடிந்து வரும் மகனின் கூலியைத் தின்பதும், சங்கத்துக்கு வரவேண்டிய வாலிபனைச் சாக்கடை ஓரத்தில் கிடத்துவதும் அதுதான். மேஸ்திரிக்கும் பண்ணையாருக்கும் இப்படிப்பட்ட ஆள் என்றால் கொள்ளைப் பிரியம். அவன் கூலி உயர்வு கேட்கமாட்டான்.

ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். ஜனங்களின் வரிப்பணத்தைக் கொட்டி நடத்தும் இந்த வேட்டை யாரைப் பிடிக்கிறது? யாரை விட்டுவிடுகிறது? இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. கனவான்கள் சிபாரிசு செய்யும் பாதையில் 50 வருஷத்துக்கு மேல் நடந்து பார்த்த தேசம் ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கா.

நிக்சன் தொடுத்த யுத்தம்

1971 ஜூன் 17ஆம் தேதி, வியட்நாம் மக்கள்மீது குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த அதே ஜனாதிபதி நிக்சன், நாட்டின் முதல் எதிரி போதைப் பழக்கமே என்று பிரகடனம் செய்தார். 1973இல் அதற்கென்றே தனிப் போலீஸ் இலாகா பிறந்தது. பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. 1980இல் போதைக் குற்றத்துக்காக அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 41,000 பேர். 2019இல் 4 லட்சத்து 30 ஆயிரம் பேர்!

யார் இவர்கள்? 1986இல் போட்ட சட்டத்தைப் பாருங்கள். கொக்கேய்ன் பவுடராகவும் விற்கப்படுகிறது. அதையே காய்ச்சிக் கட்டியாக்கி 'கிராக்' என்ற பெயரிலும் விற்கிறார்கள். சரக்கு ஒன்றுதான். பவுடர், மாளிகைவாசிகளின் விருந்துச் சரக்கு. கட்டி, கறுப்பின ஏழைகளின் சேரிச் சரக்கு. பவுடர் 500 கிராம் விற்பதற்கு வைத்திருந்தால் குறைந்தபட்சம் ஐந்து வருஷச் சிறை. கட்டியோ 5 கிராம் இருந்தாலே அதே ஐந்து வருஷம்! நூற்றுக்கு ஒன்று. இந்த அநியாயத்தைத் திருத்த 24 வருஷம் பிடித்தது. 2010இல் திருத்தினார்கள். சமமாக்கினார்களா? இல்லை. நூற்றுக்கு ஒன்று என்பதைப் பதினெட்டுக்கு ஒன்று ஆக்கினார்கள்.

இத்தனை பேரைப் பூட்டி வைத்ததால் சாவு குறைந்ததா? 1999இல் போதை மிஞ்சி மாண்ட அமெரிக்கர்கள் சுமார் 17,000 பேர். 2022இல் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல். அதற்குப்பின் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது என்பது உண்மை. 2024இல் சுமார் 80,000. வியட்நாம் யுத்தம் முழுவதிலும் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 58,000 பேர் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இது ஒரே வருஷக் கணக்கு.

சீட்டு எழுதி விற்ற விஷம்

இந்தச் சாவு எங்கிருந்து கிளம்பியது? கள்ளக்கடத்தல்காரனின் படகிலிருந்தா? மருந்துக் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து.

அபினும் அதன் வழிவந்த மார்பின், ஹெராயின் வகையறாக்களும் வலி மூளைக்கு எட்டாதபடி அடைக்கின்றன. வலி மறைகிறது, கவலையும் மறைகிறது. சில வாரங்களில் உடம்பு பழகிப்போய் அதே சுகத்துக்கு இரண்டு பங்கு கேட்கிறது. நிறுத்தினால் எலும்பை முறிப்பதுபோல் வேதனை, வாந்தி, வயிற்றுப்போக்கு, இரவெல்லாம் தூக்கமில்லை. ஒருநாள் அளவு மிஞ்சினால், மூச்சு விடு என்று மூளை இடும் உத்தரவே நின்றுபோகிறது. படுத்தவன் எழுந்திருப்பதில்லை.

1996இல் பர்டியூ என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தச் சாதியைச் சேர்ந்த 'ஆக்ஸிகான்டின்' என்ற வலி மாத்திரையைச் சந்தைக்கு விட்டது. இதனால் அடிமையாகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்று டாக்டர்களிடம் சாதித்தது. யாருக்கு விற்றார்கள்? சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனுக்கு. மரம் அறுக்கும் ஆலையில் தோள் போனவனுக்கு. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, வலியோடு வேலை செய்ய முடியாது, ஆகவே மாத்திரை! பர்டியூ திறந்துவிட்ட மடையில் மற்றக் கம்பெனிகளும் மொத்த வியாபாரிகளும் புகுந்தனர். மேற்கு வர்ஜீனியா, நிலக்கரித் தொழிலாளிகளின் மாகாணம். ஜனத்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. அங்கே 2007 முதல் 2012 வரை ஆறு வருஷத்தில் மொத்த வியாபாரிகள் இறக்கிய வலி மாத்திரைகள் 78 கோடி. கெர்மிட் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். 400 பேர்கூட இல்லை. அந்த ஊரின் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருஷத்தில் 90 லட்சம் மாத்திரை! அந்த ஊருக்குப் போதைத் தடுப்புப் போலீஸ் வழி தெரியாமல் போய்விட்டது போலும்.

2007இல் பர்டியூ கம்பெனியும் அதன் மூன்று பெரிய அதிகாரிகளும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதமாகவும் ஈடாகவும் 63 கோடி டாலர் கட்டினார்கள். சிறைக்கு ஒருவரும் போகவில்லை. 2020இல் கம்பெனி மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. உடைமைக்காரர்களான சாக்ளர் குடும்பம் அதற்குள் கம்பெனியிலிருந்து 1,000 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டாயிற்று.

மாத்திரைக்குக் கெடுபிடி வந்தபோது, ஏற்கெனவே அடிமையாகிவிட்டவன் என்ன செய்வான்? ஹெராயினுக்குப் போனான். அதன்பின் வந்தது ஃபென்டனில். ஹெராயினைவிட 50 மடங்கு வேகம். இரண்டு மில்லிகிராம், அதாவது சில உப்புக்கல் அளவு, ஆளைக் கொல்லும். வேட்டை கடுமையானால் கள்ள வியாபாரி கடையை மூடுவதில்லை. மறைத்துக் கொண்டுபோக வசதியாக, அளவில் சிறிய, வேகத்தில் கொடிய சரக்குக்கு மாறிக்கொள்கிறான். வேட்டைச் செலவு ஏற ஏற விஷமும் ஏறுகிறது!

பெட்டி பெட்டியாய்ப் பணம்

விஷம் விற்ற காசு எங்கே போகிறது? 2012 டிசம்பரில் அமெரிக்க சர்க்காரே வெளியிட்ட விவரம் இது. ஹெச்.எஸ்.பி.சி. என்ற மாபெரும் வங்கி வழியாக மெக்ஸிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின் பணம் குறைந்தது 88 கோடி டாலர் சலவையானது. மெக்ஸிகோவில் வங்கிக் கவுண்டரின் ஜன்னல் அளவுக்கு அளந்து செய்த பெட்டிகளில் ரொக்கத்தை அடைத்து வந்து தள்ளினார்களாம். தச்சனுக்குத் தெரிந்த அளவு வங்கி மேலதிகாரிக்குத் தெரியாதாம்! தண்டனை? 192 கோடி டாலர் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார்கள். அந்த வங்கிக்கு அது சுமார் ஐந்து வார லாபம். ஒரு அதிகாரிமீதுகூடக் குற்ற வழக்கு இல்லை. 5 கிராமுக்கு ஐந்து வருஷம் கொடுத்த அதே சர்க்கார்தான் இதுவும்.

அந்த வங்கி பிறந்த ஊரையும் சொல்லிவிட வேண்டும். 1865, ஹாங்காங். சீனர்களுக்கு அபின் விற்பதற்காகவே வெள்ளைக்காரன் யுத்தம் நடத்திப் பறித்துக்கொண்ட துறைமுகம் அது. அபின் எங்கே விளைந்தது? நம் தேசத்தில். பீகாரிலும் காசிப் பக்கத்திலும் குடியானவனுக்கு முன்பணம் கொடுத்து, விலையைத் தானே நிர்ணயித்து, கம்பெனி சர்க்கார் கசகசாச் செடி போட வைத்தது. சீனா தடுத்தபோது பீரங்கி பேசியது. இந்தக் கொள்ளையின் வேஷத்தை 1858இலேயே மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகையில் கிழித்துக் காட்டினார்.

ஆலைத் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களைப் பற்றி ஒரு பெண் டாக்டர் விசாரணை நடத்தினார். அவர்கள் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 98 குழந்தைகளுக்கு அபின் ஊட்டப்படுகிறது என்று கண்டார். பத்து மணி நேரம் தறியிலும் ரீலிங்கிலும் நிற்கும் தாய், குழந்தையை எங்கே விடுவாள்? 'பால கோலி' என்ற அபின் உருண்டையை வாயில் வைத்துத் தூங்கப் பண்ணிவிட்டுப் போனாள். அந்த அபினை விற்றது சர்க்கார் லைசென்ஸ் கடை. அந்தத் தாயைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கு நா எழும்? அதை ஒழித்தது போலீஸ் தடி அல்ல. வேலை நேரக் குறைப்பும், பிரசவ லீவும், குழந்தைகள் காப்பகமும் கேட்டுத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

ஆப்கன் வயலில் டாலர் குண்டு

கம்பெனிக்காரனின் முன்பண வித்தை அவனோடு சாகவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் கோதுமை போட்டவனுக்குக் கடன் கிடைப்பது அரிதாக இருந்தது. கசகசா போட்டால் வியாபாரி விளைச்சலின்மேல் முன்கூட்டியே பணம் தந்தான். நிலமில்லாத வாரக்குடி வேறென்ன செய்வான்?

அமெரிக்கப் படை அங்கே இருந்த 20 வருஷத்தில் போதை ஒழிப்புக்கென்று செலவிட்டது சுமார் 900 கோடி டாலர். படை நுழைந்த 2001இல் கசகசா சாகுபடி சுமார் 8,000 ஹெக்டேர். 2017இல் 3 லட்சத்து 28 ஆயிரம் ஹெக்டேர்! அந்த வருஷக் கடைசியில் அபின் காய்ச்சும் கொட்டகைகள் என்று மண்சுவர்க் கட்டிடங்கள்மேல் நவீன யுத்த விமானங்களை ஏவிக் குண்டு போட்டார்கள். 2019இல் அதையும் ஓசைப்படாமல் கைவிட்டார்கள். தாலிபான் 2022இல் தடை போட்டதும் மறு வருஷமே சாகுபடி 95 சதம் விழுந்ததே, கடுமை பலித்ததே என்று சிலர் துள்ளுகிறார்கள். குடியானவன் கதியைப் பார்த்தார்களா? அபின் விற்று ஆப்கன் விவசாயிகள் பெற்ற வருமானம் ஒரே வருஷத்தில் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு இறங்கியது. சேமித்து வைத்திருந்த பெரிய கைகளோ ஏறின விலைக்கு விற்றன.

வேறு வழியே இல்லையா? போர்ச்சுகல் ஒன்றும் சோஷலிஸ நாடு அல்ல. ஆனாலும் 2001இல், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்புவதில்லை என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. விற்கிறவனுக்குத் தண்டனை உண்டு. உபயோகிக்கிறவனை டாக்டரிடம் அனுப்பு என்றது. ஊசி மூலம் எய்ட்ஸ் கிருமி தொற்றுவது மளமளவென்று குறைந்தது. அமெரிக்க சர்க்கார்கூட 2024க்குக் கேட்ட 4,610 கோடி டாலர் போதைத் தடுப்பு நிதியில் ஏறத்தாழப் பாதியைச் சிகிச்சைக்கும் முன்தடுப்புக்கும் என்று எழுதியது. புத்தி வர 50 வருஷம் ஆயிற்று!

நம் வீட்டு நிலைமை

நம் நாட்டில் போதைப் பொருள் சட்டம் 1985இல் வந்தது. பெரிய அளவு பிடிபட்டால் குறைந்தது 10 வருஷம்; உபயோகித்தவனுக்கும் சிறை. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், அதானி கம்பெனி நடத்தும் துறைமுகத்தில், சுமார் 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. முகப்பவுடர் செய்யும் கல் என்று எழுதி, ஆப்கானிஸ்தானத்திலிருந்து ஈரான் வழியாக இரண்டு கண்டெய்னரில் வந்த சரக்கு. 21,000 கோடி ரூபாய் பெறும் என்றார்கள். வந்த பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றது கம்பெனி. இவ்வளவு முதல் போட்டவன் தெருமுனையில் பொட்டலம் விற்கிறவனாக இருக்க முடியுமா?

சிகிச்சை விஷயத்தில் சர்க்காரின் கணக்கே போதும். 2019இல் வெளியான அகில இந்திய ஆய்வுப்படி அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர். சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் 20 பேரில் ஒருவர். பாக்கிப் பத்தொன்பது பேருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? லாக்கப்பா?

பெரிய திமிங்கிலங்களைப் பிடிக்கப் போலீஸுக்குப் பணம் கொடுங்கள். நாம் குறுக்கே நிற்கவில்லை. துறைமுகத்தைச் சோதியுங்கள், வங்கிக் கணக்கைக் குடையுங்கள், வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் பெட்டி பெட்டியாக விற்கும் மொத்த வியாபாரியைப் பிடியுங்கள். தமிழ்நாட்டிலும் வாலிபர்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமை பரவியிருக்கிறது. ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும், தாலுகா ஆஸ்பத்திரியிலும் போதை மீட்புக்குப் படுக்கையும் டாக்டரும் மருந்தும் வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். அடிபட்ட தொழிலாளிக்குக் கூலியோடு லீவு வேண்டும்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1985ஆம் வருஷச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையான ஒருவன், உபயோகித்ததற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானே முன்வந்து சர்க்கார் அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்தக்கூடாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்பை வாபஸ் வாங்கலாம். இதை ஆலை வாசலிலும் சேரியிலும் எடுத்துச் சொல்லுங்கள். பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது தாயைத் தனியாக விடாதீர்கள்; சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேட்டு வாங்கி, நமக்கு அனுப்பிவையுங்கள்.