மார்கழிக் காற்றும் அரியமங்கலத்துப் புகையும்

மார்கழி பிறந்ததும் ஒரு செய்தி தவறாமல் உலா வரத் தொடங்கிவிடுகிறது. இம்மாதத்து விடியற்காலையில் ஓசோன் படலம் தரைக்கு அருகே இறங்கி வருகிறதாம். அதை அறிந்தே முன்னோர் நம்மை நான்கு மணிக்கு எழுப்பினார்களாம். திருவரங்கத்திலிருந்து என் பெரியப்பா ஆண்டுதோறும் இதை அனுப்பிவைக்கிறார். அதிகாலையில் கோயிலுக்குச் செல்லப் பக்தியே போதிய காரணம். பொய்யான வேதியியலை அதற்கு முட்டுக்கொடுப்பது பக்திக்கும் அழகல்ல என்பது என் எண்ணம்.

ஓசோன் படலம் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த மாதத்திலும் அது கோபுர உயரத்துக்கு இறங்குவதில்லை. தரையோரத்து ஓசோன் உண்டாக வெயில் வேண்டும். எனவே விடியலில் அது குறைவு. மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு.

மார்கழி விடியலில் உண்மையில் தாழ்ந்து நிற்பது புகைதான். மேலெழும் வாயு அழுத்தம் குறைந்து விரிகிறது; விரியும் வேலையைத் தன் வெப்பத்தைச் செலவழித்தே செய்கிறது. உலர்ந்த காற்று இவ்வாறு கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 பாகை குளிரும். சுற்றுப்புறக் காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் அதற்கு ஏற்றம். மேகமும் காற்றோட்டமும் இல்லாத குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. அதற்கு மேலுள்ள காற்றோ அவ்வளவு குளிர்வதில்லை. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பது இதுவே. அவ்வேளையில் எழும் புகை மூடியில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் பரவி, வீடுகளுக்குள் நுழையும்.

திருச்சியின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட, ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்புள்ள அரியமங்கலம் கிடங்கைச் சுற்றி வாழ்வோர் இதை எந்தப் பாடப்புத்தகமும் இன்றி அறிவார்கள். அங்கே தீப்பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ‘யார் வைத்தது?’ என்றே நாம் கேட்டு வந்திருக்கிறோம். யாரும் வைக்காமலும் பிடிக்கக்கூடும். காற்றுப் புகாத குப்பையின் உட்புறத்தில் நுண்ணுயிர்கள் மீத்தேனையும் கரியமில வாயுவையும் ஏறக்குறையச் சரிபாதியாக உண்டாக்குகின்றன. காற்றைவிட இலேசான மீத்தேன் வெடிப்புகள் வழியே மேலேறி, காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்ததும் எரியத் தகுதி பெறுகிறது. குவியல் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே கனன்றுகொண்டிருப்பதை மேலே ஊற்றும் தண்ணீர் எட்டுவதும் அரிது. கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்தெரியும் நெருப்பின் புகைக்குச் சூடு குறைவு. அதனால் உயரமும் குறைவு. மார்கழியில் கேட்கவே வேண்டாம்.

பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி அங்கு மேற்கொள்ளப்பட்டது நல்ல செயல். ஆயினும் மீத்தேனுக்குத் தீனி நம் சமையலறையின் ஈரக்கழிவு. அதைத் தனியே கொடுத்தால் நகரின் நுண் உரக்கூடங்களில் காற்றோட்டத்தில் மக்கி உரமாகும். ஞெகிழிப் பையில் கட்டிக் கொடுத்தால் இன்னொரு குவியலுக்கு விதை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று கலங்கிய பிறகு நடக்கப் போகலாம் என்றும் சொன்னேன். மறுநாள் விடியற்காலை நான்கரைக்கு அதே செய்தி மீண்டும் வந்தது.