ஓரத்தில் நிற்கும் அத்தை

குற்றாலத்துப் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சீஸன் நாளில் அங்கே நடக்கிற ஒரு காரியம் எனக்கு எப்போதுமே வியப்பு. முன்பின் தெரியாத ஒருத்தி, "எம்மா, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, தலையை நனைச்சுட்டு வந்துருதேன்" என்று கைக்குழந்தையை நீட்டுவாள். இன்னொருத்தி வாங்கிக் கொள்வாள். ஊர் கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை. ஒருத்தி எல்லாருடைய பைகளுக்கும் காவல். வேறொருத்தி, உடை மாற்றுகிற பெண்ணுக்குப் புடைவையை விரித்து மறைப்பு. இதற்கென்று யாரும் சங்கம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. காரியதரிசி கிடையாது, பொருளாளர் கிடையாது. தனியாக வந்தவள் நிம்மதியாகக் குளிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வாரம் நான் பேச வந்தது பெண் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி.

தென்காசியிலோ செங்கோட்டையிலோ பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் எட்டிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புச் சிறுமிகள் கோகோவும் கபடியும் என்று புழுதி பறக்க ஓடிக் கொண்டிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களைத் தேடுங்கள். விரல் விட்டு எண்ணி விடலாம். "பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே என்ன பந்து வேண்டிக் கிடக்கு?" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்கிற தாயாரைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். அவள் மனத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆட்டம் முடிகிற வரையில் பெரியவர்களாகப் பெண்கள் யாராவது கூட இருப்பார்களா? இருட்டி விட்டால் யார் கொண்டு வந்து விடுவார்கள்? அவசரத்துக்கு ஒதுங்க இடம் திறந்திருக்குமா? மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் சொல்ல ஆள் இல்லாததால், "வேண்டாம்" என்பதே பதிலாகி விடுகிறது.

அமெரிக்காவில் இதே சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் வருத்தம்.

அங்கே சாப்ட்பால் என்று ஓர் ஆட்டம். மட்டையால் பந்தை அடித்து விட்டு, நான்கு மூலைகளையும் தொட்டுக் கொண்டு ஓடி வர வேண்டும். 1887-ல் சிகாகோ நகரத்துப் படகு கிளப் ஒன்றில் பிறந்தது. அன்றைக்குப் பந்து என்பது குத்துச் சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிய ஒரு மூட்டை. மட்டை எது தெரியுமோ? துடைப்பக் கட்டை! நம் கையில் தினமும் இருக்கிற ஆயுதந்தான். அந்தத் துடைப்பக் கட்டை ஆட்டம் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் வரையில் போனது, அதுவும் பெண்களுக்கான ஆட்டமாக. நம் தேசத்திலும் 1961-லேயே அதற்கு ஒரு சங்கம் ஏற்பட்டாயிற்று.

அமெரிக்கச் சிறுவர்களுக்கு 'லிட்டில் லீக்' என்று ஓர் அமைப்பு 1939-ல் தொடங்கியது. சாப்ட்பாலுக்கு மூத்ததான பேஸ்பால்தான் அவர்கள் ஆட்டம். அதன் ஜீவநாடியே தொண்டர்கள்தாம். ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர் ஒரு பையனுடைய அப்பா; கணக்கு எழுதுகிறவள் இன்னொரு பையனுடைய அம்மா; பலகாரக் கடையில் நிற்பது மற்றொரு குடும்பம். சம்பளம் கிடையாது. இத்தனை நல்லவர்கள் கூடியிருந்தும் பெண் குழந்தைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

1950-ல் காத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி பின்னலைக் கத்தரித்துக் கொண்டு, 'டப்பி' என்று பையன் பெயர் வைத்துக் கொண்டு போய் ஆடினாள். நன்றாகவே ஆடினாள். உண்மையை அவளே சொன்ன பிறகும் அவள் குழு அவளை வைத்துக் கொண்டது. ஆனால் மறு வருஷமே, பெண்கள் கூடாது என்று விதி எழுதி விட்டார்கள். 1972-ல் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பயிற்சியாளர் சேர்த்துக் கொண்டார். மூன்று ஆட்டம் ஆடினாள். "அந்தப் பெண்ணை நீக்காவிட்டால் உங்கள் ஊர் அங்கீகாரமே போய் விடும்" என்று தலைமையிடத்திலிருந்து ஓலை வந்தது. ஒரு குழந்தைக்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் ஆட்டமும் நிற்பதா? மரியா விலக நேர்ந்தது. பெண்கள் சங்கம் ஒன்று வழக்கை எடுத்து நடத்தியது. 1973-ல் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னவரும் ஸில்வியா பிரஸ்லர் என்ற பெண்மணிதான். 1974-ல் கதவு திறந்தது. பெண்களுக்கென்று சாப்ட்பால் பிரிவும் அந்த வருஷமே ஏற்பட்டது. ஆனால் மரியாவுக்கு அதற்குள் பதினான்கு வயது. வயது வரம்பு தாண்டி விட்டது. அவள் திறந்த வாசலில் அவளால் நுழைய முடியவில்லை.

இரண்டு வருஷம் என்பது நமக்கு ஒன்றுமில்லை. இரண்டு தீபாவளி, இரண்டு சாரல். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஆட்டம் முழுவதும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நாம் சொல்லும்போது இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கா எதற்கு, கடலூரைப் பாருங்களேன். 2004-ல் வந்த சுனாமியில் பெற்றோரை இழந்து விடுதியில் தங்கிய பெண் குழந்தைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக் கொடுத்தார். அந்த ஊரிலிருந்து பல பெண்கள் மாநிலக் குழுவுக்குப் போனார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக் கொண்டு போகும் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து, தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் முறையாகத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் அந்தக் குழுவில் ஆடியவர், இந்தியாவுக்காகவும் ஆடியவர். பெற்றவர்கள் இல்லாத குழந்தைகளுக்கு மைதானத்து ஓரத்தில் யாரோ ஒருவர் நின்றார். பெற்றவர்கள் இருக்கிற நம் குழந்தைகளுக்கு நிற்க ஆள் கிடைக்காதா?

"எனக்குப் பந்து பிடிக்கவே தெரியாதே அம்மா" என்பீர்கள். தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள் என்பது வேறு விஷயம். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அங்கே படித்தவர்களில் இன்று ஆச்சிகளே இருக்கிறார்கள். கல்லூரியில் எறிபந்தும் வளையப்பந்தும் ஆடிய கைகள் எத்தனை, இப்போது டி.வி. ரிமோட்டைப் பிடித்துக் கொண்டு சும்மா இருக்கின்றன!

மைதானத்தில் இருக்கிற வேலையெல்லாம் நமக்குப் பழகின வேலைதான். சாரல் காலத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு அரை மணியில் கரைந்து போகும். திரும்பப் போட வேண்டும். மாக்கோலம் போடுகிறவளுக்கு இது ஒரு பிரமாதமா? சாப்ட்பால் என்றால் மூலைக்கு மூலை அறுபது அடி. அளக்க ஒரு கயிறு போதும். நோட்டில் கணக்கு எழுத ஒருத்தி. ஒரு குடம் தண்ணீர், ஒரு தூக்கு நீர்மோர், வேக வைத்த பயறு. முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து. கைப்பையில் இரண்டு நாப்கின். அந்த இரண்டு நாப்கின் இல்லாததால் வீட்டுக்குத் திரும்பிப் போய், மறுநாளிலிருந்து வராமலே நின்று விடுகிற குழந்தை உண்டு. குறுவட்டப் போட்டிக்கு வெளியூர் போகும்போது டீச்சருக்குத் துணையாக ஓர் அத்தையோ மதினியோ வண்டியில் ஏறினால், அனுப்பத் தயங்குகிற நாலு வீடும் அனுப்பி விடும். எல்லாவற்றையும் விடப் பெரிய உத்தியோகம் ஒன்று இருக்கிறது: சும்மா நிற்பது. ஐந்தே முக்கால் மணிக்குக் கடைசிக் குழந்தையும் வீட்டுக்குக் கிளம்புகிற வரையில் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொண்டு என்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு உள்ளே விடக் கூடாது. லிட்டில் லீக்கிலேயே 2003 முதல் ஒவ்வொரு தொண்டரின் பூர்வோத்தரத்தையும் விசாரித்த பிறகுதான் சேர்க்கிறார்கள். நம் நாட்டிலும் குழந்தைகளைக் காக்க 2012-ல் போக்ஸோ சட்டம் வந்திருக்கிறது. பெரியவர் எவரானாலும் ஒரு குழந்தையோடு தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். யார் யார் என்னென்ன நாள் வருவார்கள் என்று பெயர் எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்து விட வேண்டும். இதில் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது. "நம்ம தெருக்காரர்தானே" என்பது ஒரு சமாதானம் ஆகாது.

ஆரம்பிக்கிறவர்கள் பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். தெருவில் ஆறு பேர் சேர்ந்தால், வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஒரு நாளைக்கு இரண்டு பேர்; ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும். சாப்ட்பால் மட்டை கிடைக்காவிட்டால் கபடி ஆடட்டும், அதற்கு ஒரு காசு செலவில்லை. முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாலரை மணிக்கு மேல் பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்தச் சாவியைக் கேட்டு வாங்கி, உங்கள் ஆறு பேரில் ஒருத்தியின் இடுப்பில் செருகி விடுங்கள்.