தேறலும் தேர்வும்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பருகி வாழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் யவன மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. 'தேறு' என்றால் தெளிதல். ஆராய்ந்து நம்புதலும் அதுவே. கள், நறவு, மட்டு, தோப்பி எனப் பிரித்தறிந்த மொழி, இன்று எல்லாவற்றையும் 'சரக்கு' என்கிறது.

2003 முதல் சில்லறை மதுவிற்பனை அரசின் டாஸ்மாக் வசம். துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்திலும், கடையின் கம்பிவலைக்குள் நீளும் கை கொடுத்ததை வாங்கித் திரும்புகிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு திராட்சைத் தோல் தருவது, வெள்ளைக்குத் தோலை நீக்கியே சாற்றை நொதிக்க விடுவர் என்றறிவது மேட்டிமையன்று. குடிப்பது சரியா என்பது வேறு விவாதம். நாக்கை இழந்தவனிடம் எதையும் விற்கலாம் என்பதே என் கவலை.