பழைய கருவியை யார் பராமரிப்பது?

1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சாப்பா முறையை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கூடி நிற்கும் தொழிலாளர்களை நோக்கி வீசியெறியப்படும் உலோக வில்லையைப் பாய்ந்து பிடித்தவருக்கே அன்று வேலை. பிடிக்காதவர் வீட்டில் அடுப்பெரியாது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய மூவர் அந்தப் போராட்டத்தில் தியாகிகளாயினர். உழைப்பின் நிபந்தனைகளைத் தீர்மானிப்பது யார் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

அந்தக் கேள்வி கருவிகளுக்கும் பொருந்தும். இன்று மட்டாஞ்சேரியின் அரசுப் பள்ளிகளில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கணினி கற்கிறார்கள். அந்தக் கணினிகளில் ஓடுவது கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இயங்குதளம். 2001இல் ‘ஐ.டி. @ ஸ்கூல்’ திட்டமாகத் தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்த முயற்சி இது. 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கிய கேரளம், பள்ளிக் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்டிடம் உரிமக் கட்டணம் செலுத்தும் நிலைக்கு ஆளாகவில்லை. இடதுசாரிகள் பெருமை கொள்ளத்தக்க சாதனை இது. ஆனால், இந்தச் சாதனை யாருடைய உழைப்பின் மீது நிற்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு

திரையில் தெரியும் சாளரம், பொத்தான், பட்டி ஆகியவற்றை ஒவ்வொரு மென்பொருளும் புதிதாக உருவாக்குவதில்லை. இதற்கென உள்ள பொதுவான வரைகலைக் கருவித்தொகுப்புகளை எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஜி.டி.கே., க்யூ.டி. ஆகியவை அவற்றில் முதன்மையானவை. 2002இல் வந்த ஜி.டி.கே. 2க்குப் பதிலாக 2011இல் ஜி.டி.கே. 3 வந்தது, 2020இல் ஜி.டி.கே. 4 வெளியானபோது, இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு முடித்துக்கொள்ளப்பட்டது. 2005இல் வந்த க்யூ.டி. 4, 2021இல் வெளியான டெபியன் 11இல் இடம்பெறவில்லை. அதை நம்பியிருந்த மென்பொருள்கள் புதிய தொகுப்புக்கு மாற வேண்டியிருந்தது. மாற்ற ஆளில்லாதவை டெபியனை விட்டு வெளியேறின.

கேரளத்தின் பாடநூல்களில் படத்திருத்தம் கற்பிக்கப் பயன்படுவது கிம்ப் என்ற மென்பொருள். ஜி.டி.கே. பிறந்ததே கிம்புக்காகத்தான். ஆனால், அந்த கிம்ப்கூட இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாறி முடித்தது 2025 மார்ச்சில்தான். அதாவது, மூன்றாம் பதிப்பு வந்து 14 ஆண்டுகளுக்குப் பின். ஒரு சில தன்னார்வலர்களின் ஓய்வுநேர உழைப்பை நம்பியிருந்த பணிக்கு அவ்வளவு காலம் பிடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் லினக்ஸ் வழங்கல்கள் ‘பழையது’ என்று ஜி.டி.கே. 2ஐத் தூக்கியெறிந்திருந்தால், மட்டாஞ்சேரி மாணவரின் பாடமும் அதோடு போயிருக்கும்.

ஆகவே பழைய தொகுப்புகளை என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. கவனிப்பாரற்ற மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அந்தச் சுமையை வழங்கல்களின் தன்னார்வலர்கள் தலையில் ஏற்றிவிட்டு, அவர்கள் இலவசமாகத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று கோருவது உழைப்புச் சுரண்டலின் இன்னொரு வடிவமே. 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்.இசட். விவகாரம் இதற்குச் சான்று. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் உள்ள ஒரு சிறு நிரலைத் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், உதவுவதாக வந்த மர்ம நபர் ஈராண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, அதில் ரகசியக் கதவைப் புகுத்தினார். அவரைத் தனியே சுமக்க விட்ட நிறுவனங்களில் கோடிகளில் லாபம் ஈட்டுபவையும் உண்டு.

மூலநிரல் எனும் ஆயுதம்

முதலாளித்துவச் சந்தையின் விடை என்ன என்பதையும் பார்த்தோம். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதிதாக வாங்கு, அல்லது ஆபத்தோடு இரு என்பதே அதன் செய்தி. கட்டற்ற மென்பொருள் உலகிலும் பெருநிறுவனங்களின் பிடி உண்டு. ஐ.பி.எம். வாங்கிய ரெட் ஹேட், 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8இன் ஆயுளை 2021 இறுதியோடு முடித்துக்கொண்டது.

எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. விண்டோஸின் மூலநிரல் மைக்ரோசாஃப்டின் பெட்டகத்தில் இருக்கிறது. ஜி.டி.கே. 2இன் மூலநிரல் மக்கள் கையில் இருக்கிறது. அதை வழங்கல் நீக்கினாலும், ஆளும் பணமும் உள்ள எவரும் எடுத்துப் பராமரிக்கலாம். அதை நம்பியுள்ள மென்பொருளைப் புதிய தொகுப்புக்கு மாற்றியும் கொள்ளலாம். ஆக, பழைய தொகுப்பை வைத்திருப்பதா நீக்குவதா என்ற தொழில்நுட்ப விவாதத்தின் அடியில் இருப்பது, அந்த ஆளையும் பணத்தையும் யார் தருவது என்ற அரசியல் கேள்வி. நீக்கும் உரிமை தன்னார்வலருக்கு உண்டு. கைவிடும் உரிமை அரசுக்கு இல்லை.

சாலை போட்ட அரசு அதைச் செப்பனிடவும் நிதி ஒதுக்குகிறது. மென்பொருளும் பொது உள்கட்டமைப்பே. கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் அரசுகள், அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அதன் பராமரிப்புக்குத் திருப்பித் தர வேண்டும். இதற்கு நான்கு கோரிக்கைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் பயன்படுத்தும் மென்பொருள்கள் எந்தத் தொகுப்பை நம்பியுள்ளன என்ற பட்டியல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அவற்றைப் புதிய தொகுப்புக்கு மாற்ற, கைட் போன்ற பொது நிறுவனங்களில் நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை கூடாது. மூன்றாவதாக, மாற்றம் முடியும்வரை பழைய தொகுப்பை மற்ற மென்பொருள்களிலிருந்து தனித்து, வேலியிட்டு வைக்க வேண்டும். ஆசிரியர் அமைப்புகளுடன் கலந்து பேசாமல், கல்வியாண்டின் நடுவில் எதையும் நீக்கக் கூடாது. நான்காவதாக, அரசுப் பணத்தில் எழுதப்படும் எந்த மென்பொருளும் மூலநிரலோடு மக்களுக்குச் சொந்தமாக வேண்டும். மூலநிரல் இல்லாத மென்பொருளுக்குத் தொகுப்பு நீக்கம் மரணம். மூலநிரல் உள்ளதற்கு அது வெறும் வேலை. வேலையைச் செய்ய ஆளிருக்கிறார்கள்; ஊதியம்தான் இல்லை.

சாப்பா முறையின் முடிவு வானத்திலிருந்து விழவில்லை; அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களின் போராட்டமே அதைக் கொண்டுவந்தது. கணினித் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோரிடையே பணியாற்றும் தோழர்கள், கண்ணுக்குத் தெரியாத இந்தப் பராமரிப்பு உழைப்பை ஊதியத்துக்குரிய பொதுப் பணியாக்கும் முழக்கத்தை இப்போதே எடுத்துச் செல்ல வேண்டும்.