மறுஆக்கப் படங்களும் மலையோரக் கதைகளும்

இடுக்கி மாவட்டத்து இராஜாக்காட்டில் கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்தும் ஒருவன், தன் மனைவி மக்களைக் காப்பதற்காக, தான் பார்த்த திரைப்படங்கள் தந்த அறிவையே துணையாகக் கொண்டு காவல்துறையை எதிர்கொள்கிறான். ஜீத்து ஜோசப் இயக்கி, மோகன்லால் நடித்து, 2013 டிசம்பரில் வெளிவந்த ‘திருஷ்யம்’ படத்தின் கதை இது. மறு ஆண்டே கன்னடத்திற்கும் தெலுங்கிற்கும் சென்றது. 2015-இல் தமிழில் ‘பாபநாசம்’ ஆயிற்று. அவ்வாண்டே இந்தியிலும் வந்தது. 2017-இல் சிங்களத்திலும் 2019-இல் சீனத்திலும் எடுக்கப்பட்டது. ஒரு மலையூரின் கதை ஆறே ஆண்டுகளில் கடலையும் இமயத்தையும் கடந்துவிட்டது.

இவ்வாறு வெற்றி பெற்ற படத்தை மீண்டும் எடுப்பதை மறுஆக்கம் என்பர். பேச்சு வழக்கில் ‘ரீமேக்’ என்றால் எவருக்கும் விளங்கும். நிறுவனங்கள் புதுக்கதைகளைத் தயங்கி ஏற்பதும் மறுஆக்கங்களை விரைந்து நாடுவதும் ஏன்? கற்பனை வறண்டுவிட்டது என்பார் உளர். அது முழு விடையாக எனக்குத் தோன்றவில்லை. விடை பெரும்பாலும் கணக்கேட்டில் இருக்கிறது.

படத் தயாரிப்பாளர் பலர் வட்டிக்குக் கடன் வாங்கியே படம் எடுக்கின்றனர். படம் முடியும் நாள் தள்ளிப்போகப் போக வட்டி ஏறும். புதிய கதை வெறும் தாளில் இருக்கும். அது திரையில் எவ்வாறு அமையும் என்பதை அதை எழுதியவரே உறுதியாகக் கூற இயலாது. மறுஆக்கத்திற்கு உரிய கதையோ முழுப்படமாகவே கண்முன் நிற்கிறது. மக்கள் எங்கே சிரித்தனர், எங்கே கண்கலங்கினர் என்பதெல்லாம் முன்னரே தெரியும். அதைப் பார்த்துவிட்டு நடிகர் கால்ஷீட் தருவார்; விநியோகஸ்தர் முன்பணம் தருவார்; தொலைக்காட்சி நிறுவனம் விலை பேசும். கதை உரிமைக்குக் கொடுக்கும் தொகை, ஒரு வகையில், அச்சத்திற்குக் கட்டும் காப்பீடு. உலகப் பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. டிஸ்னி நிறுவனம் 1994-இல் வரைபடங்களால் ஆக்கிய ‘லயன் கிங்’ படத்தை 2019-இல் கணினி வரைகலையால் மீண்டும் ஆக்கியது. பணம் குறைவாக உள்ளவர்தாம் அஞ்சுவர் என்று எண்ணிவிட வேண்டா.

ஒன்றைத் தழுவி மற்றொன்றை ஆக்குவது இழிவு என்று நம் மரபு கருதியதில்லை. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் என இருவகை கூறி, வழிநூலை நான்காகப் பகுத்து, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. வான்மீகியின் வழிவந்த கம்பர் நமக்குக் குறைந்த புலவர் அல்லர். ‘பாபநாசம்’ படத்தையும் நான் நல்ல வழிநூல் என்றே கொள்வேன். கதை திருநெல்வேலிப் பக்கம் பெயர்ந்தபோது பேச்சும் பெயர்ந்தது. ஜெயமோகன் எழுதிய உரையாடல் அம்மண்ணின் வழக்கில் ஒலித்தது.

எனினும், பெயர்க்கும்போது எது மாறுகிறது என்பதை நோக்குதல் வேண்டும். 1993-இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்தில், பழைய மாளிகையில் அடைபட்ட நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனமாது. அவள் பேசுவது தமிழ். கேரளத்து மாளிகையில் புரியாத மொழி பேசி அச்சுறுத்துபவள் தமிழ்ப்பெண்! அக்கதை 2005-இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது அந்த நடனமாது ஆந்திரத்திலிருந்து வந்தாள், தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்தியில் ‘பூல் புலையா’ ஆனபோது வங்காளம் பேசினாள். எம்மொழியில் எடுத்தாலும் அந்த மாளிகைக்கு ஓர் அயலாள் தேவைப்படுகிறாள். யார் அயலார் என்பதை மட்டும் ஒவ்வொரு மொழியும் தானே தேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசி வளரும் மாணவர்களாகிய நீங்கள் இதைப் பிறரினும் விரைவில் உணர்வீர்கள். மூணாற்றிலும் குமுளியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் இருப்போர்க்கு இரு படங்களையும் துணைவரிகளின்றி அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிட இயலும். சென்னையில் இருக்கும் திறனாய்வாளர் பலர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

சச்சி இயக்கிய ‘ஐயப்பனும் கோஷியும்’ 2020-இல் வந்தது. மதுவிலக்கு நிலவும் பாலக்காட்டு அட்டப்பாடியில் பணியாற்றும் காவல் அதிகாரிக்கும், மதுப்புட்டிகளோடு அவ்வழியே வந்த கட்டப்பனைக்காரர் ஒருவர்க்கும் மூளும் பகை அது. அதில் இருளர் மொழியில் பாடிய அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. மூலத்தின் தலைப்பில் இருவர் பெயரும் உண்டு, இருவரும் நிகர். 2022-இல் தெலுங்கில் வந்தபோது தலைப்பு ‘பீம்லா நாயக்’. இரண்டாமவர் பெயர் தலைப்பிலிருந்தே நீங்கிவிட்டது. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பெருநடிகர் எவர் என்று பார்த்தால் போதும்.

இவற்றினும் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. தேனி மாவட்டத்து அடிவாரத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிச் சுமை தூக்கி இறங்கும் நிலமற்ற தொழிலாளியின் வாழ்வை ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ காட்டிற்று. லெனின் பாரதி இயக்க, விஜய் சேதுபதி தயாரிக்க, 2018-இல் வெளிவந்த அப்படம் எதன் மறுஆக்கமும் அன்று. துண்டு நிலம் வாங்க வேண்டும் என்னும் ஒரே ஆசைதான் அதன் கதை. உங்கள் பாட்டனார் நடந்த ஒற்றையடிப் பாதைகளைத் தமிழ்த்திரை அத்துணைப் பொறுமையோடு காட்டியது அரிது. மறுஆக்கத்திற்குச் செலவிடும் பணமும் நடிகர் நாள்களும் இத்தகைய கதைகளுக்குக் கிட்டாமற் போகின்றன. தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்னும் எத்தனை கதைகள் சொல்லப்படாமல் கிடக்கின்றன!

காலம் சற்றே மாறி வருகிறது. 2021-இல் ‘திருஷ்யம் 2’ நேரே அமேசான் பிரைம் தளத்தில் வெளியானபோது தமிழர் பலர் மலையாளத்திலேயே பார்த்தனர். ‘பாபநாச’த்திற்கு இரண்டாம் பாகம் வரவில்லை. ஆனால் 2022-இல் இந்தியில் அதை மீண்டும் எடுத்துப் பெரும்பொருள் ஈட்டினர். ஆகவே வணிகர் பழைய வழியை உடனே கைவிடுவர் என நம்புவதற்கில்லை. 2024-இல் கொடைக்கானல் குணா குகையில் நிகழ்வதாக வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படமே. உரையாடலில் கணிசமான பகுதி தமிழ். தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது பல வாரங்கள் ஓடியது. அதைத் தமிழில் மீண்டும் எடுக்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.